பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு

ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். போன மாதம் 'டிரேட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள், அதே பொருளில் வேறென்ன சொற்கள் உண்டு என்று ஒரு பாடம். டீல், பார்கெயின், பார்ட்டர், ஸ்வாப் என்று போர்டில் எழுதிக்கொண்டே வந்தேன். எக்ஸ்சேஞ்ச் என்று எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். 

புத்தகத்தில் அதற்கு ஒரு உதாரணம் போட்டிருந்தார்கள். ஒருவன் பேனாவைக் கொடுத்துவிட்டு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொள்கிறான். பேனாவுக்கு வலிக்காது, ஆகவே நல்ல உதாரணம். இதைவிட நல்ல உதாரணம் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அண்ணன் அங்கே பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறான். ராஜபாளையத்தில் மில்லில் சூப்பர்வைசராக இருப்பவருக்கு என்னைக் கொடுத்தார்கள். அவருடைய தங்கையை அண்ணனுக்கு எடுத்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், அறிவிப்பார். எங்கள் இரண்டு ஓலைகளையும் ஒரே மூச்சில் வாசித்தார். ஒரே நாள், ஒரே ஆலயம், ஒரே பிரியாணி. கல்யாணத்தைப் 'பேசி முடித்தாயிற்று' என்பார்கள் எங்கள் பக்கம். டீல் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் மனைவி என்பதால் அவள் எனக்கு மதினி. அவளுடைய அண்ணன் மனைவி என்பதால் நான் அவளுக்கு மதினி. என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் ஒருவரை ஒருவர் மதினி என்றே கூப்பிட்டுக்கொள்வோம்.

"நம்ம பிள்ள அங்க இருக்கு, அவிய பிள்ள இங்க இருக்கு. ரெண்டு வீட்லயும் பயந்து பத்திரமாப் பாத்துக்கிடுவாக" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். எத்தனை பெரிய முட்டாள்தனம்! அங்கே மதினிக்குப் பட்டுச்சேலை எடுத்தால் இங்கே எனக்கும் ஒன்று வரும், உண்மைதான். ஆனால் அங்கே அண்ணன் அவளோடு பேசாமல் இருந்தால் இங்கே என் கணவர் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், "ஒங்கண்ணன்ட்ட போய்க் கேளு" என்பார். இரண்டு பேருக்கும் இன்னும் குழந்தை இல்லை. அதிலும் யாருக்கும் குறை வைக்கவில்லை என்று அத்தை, அதாவது என் மாமியார், சொல்லிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆலயத்திலிருந்து வந்தபோது மதினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. சரக்கு வந்த நேரத்தில் சாப்பாடு கொண்டுபோகப் பிந்திவிட்டதாம். கடையில் வேலை பார்க்கிற ஆட்கள் முன்னால் அடித்திருக்கிறான் என் அண்ணன். என்னைத் தோளில் தூக்கி வளர்க்காத குறைதான், அவ்வளவு பிரியமாக இருந்த அண்ணன். அவன் கையை ஒடித்துப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

மதினிக்கு ஐஸ் வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தை என் பீரோவைத் திறந்து சேலைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னத்தை இது?"

"எம்மக இங்க வந்துட்டா. நீ ஒன் வீட்டுக்குப் போ. எப்ப ஒங்கண்ணன் வந்து இவளக் கூட்டிட்டுப் போறானோ, அப்ப நீ வா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வழக்கம் அதுதான், ஒருத்தி திரும்பி வந்தால் இன்னொருத்தியைத் திருப்பி அனுப்புவது. கணவரைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்தார். மதினிதான் எழுந்து வந்தாள்.

"நான் போயிருதேன் மதினி. என்னால நீங்க ஏன் வெளிய போகணும்?"

அந்த வீங்கிய முகத்தோடு அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நீ உக்காரு" என்று அதட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு அப்போதும் ஒரு நப்பாசை. தங்கச்சி பையோடு வந்து நின்றால் அண்ணனுக்கு உறைக்கும், செய்தது தப்பு என்று ஓடிப்போய் அவள் காலில் விழுவான் என்று நினைத்தேன்.

அண்ணன் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அனுப்பிட்டாகளா? நல்லதாப் போச்சு. இனி எம்புட்டு நாளைக்கு அவள அங்க வச்சிருப்பாக? நீ இங்க இருந்தா தானா வந்து விட்டுட்டுப் போவாக பாரு."

பின்னாலிருந்து அம்மா, "உள்ள வா, காபி குடி. கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாப் போகும்" என்றாள். ஏன் அடித்தாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று என்னையும் கேட்கவில்லை. நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் மதினி மறுபடி அடி வாங்கப் போகிறாள், அவ்வளவுதான் விஷயம். அவளை இழுத்துவரும் கயிறு நான்.

வாசலிலேயே நின்று அத்தைக்குப் போன் போட்டேன். அண்ணன் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தை, நான் எங்கண்ணன் வீட்டுக்குள்ள போகல, போகவும் மாட்டேன். ஒங்க மகள இங்க அனுப்புனீங்கன்னா, அன்னைக்கோட ஒங்க வீட்டுக்கும் நான் வரமாட்டேன். அவ அங்க இருந்தாத்தான் நான் வருவேன். நல்லா யோசிச்சுக்கோங்க."

 அண்ணன் வாசலுக்கு வெளியே இறங்கி வந்தான்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அப்ப எம்பொழப்பு என்ன ஆகுறது?" என்று கத்தினான்.

பஸ் பிடித்துக் கிருஷ்ணன்கோவிலில் இருக்கும், என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். அங்கிருந்துதான் இப்போது பள்ளிக்கு வருகிறேன். மகளை வைத்துக்கொண்டே என்னையும் கூப்பிடுவதா என்று அத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மதினி இன்னும் தன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று போனில் பேசினோம். கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது, இப்போது இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறது என்றாள்.