குளிசைக்கு உபவாசம் இல்லை

சபையில் மனநோயைப் பற்றிக் கதைப்பதும் பல்கலைக்கழகத்தில் ஜெபத்தைப் பற்றிக் கதைப்பதும் ஒரே தொழில்தான்: இரண்டு இடத்திலும் எதிரே இருப்பவர் மெதுவாகத் தன் கதிரையைப் பின்னுக்கு நகர்த்துவார்.

நான் அப்போது உளவியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் தமிழ்ச் சபை லண்டன் நோர்பரியில் ஓர் ஆங்கிலச் சபையின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தது. அங்கே சனிக்கிழமைகளில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பது என் தொண்டு. வைத்தியம் செய்யமாட்டேன். கேட்பேன், விரும்பினால் சேர்ந்து ஜெபிப்பேன், தேவையென்றால் டொக்டரிடம் போகச் சொல்வேன். இலங்கையில், ஊரில் மறுபடி சண்டை தொடங்கி, அங்கே கதைக்க எல்லார் வீட்டிலும் ரெலிபோன் காட் சுரண்டிக்கொண்டிருந்த காலம். கேட்பதற்கு விஷயம் குறையவில்லை.

உங்களில் யாராவது இப்படி இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அகப்பட்டு, இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லிக் களைத்திருந்தால், இது உங்களுக்குத்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜெயந்தி அக்கா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "எழுது, ஆனா என்னைக் கொஞ்சம் மெலிவா எழுது."

கதவில் ஒட்டியது

அறைக் கதவில் 'மனநல ஆலோசனை' என்று கொட்டை எழுத்தில் நானே எழுதி ஒட்டினேன். இது என்ன ஒளிக்கிற விஷயமா என்ற கோபம் எனக்கு. நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் முக்காடு போட்டுக்கொண்டா போகிறார்? நல்ல கேள்விதான். ஆனால் வாரக்கணக்காக அந்தக் கேள்வியும் நானும் மட்டுமே அறைக்குள் இருந்தோம்.

அறை மண்டபத்துக்குப் பின்னால், கழிப்பறைக்குப் போகிற ஒடுங்கிய வழியில் இருந்தது. ஒரு நாள் செக்ரட்டரி அங்கிள் வந்தார். மண்டபத்தின் திறப்பு, கதிரைகள், ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்: "பிள்ளை, விசரெண்டு ஆரும் நினைச்சுப்போடுவினம் எண்டு சனம் இப்ப ரொய்லெட்டுக்கும் இந்தப் பக்கம் வருகுதில்லை."

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்

கதவில் நான் ஒட்டியதைக் கிழித்துவிட்டு 'ஜெப அறை' என்று ஒட்டினார்கள். நான் வாதாடிப் பார்த்துத் தோற்றேன். அடுத்த சனிக்கிழமையே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் ஒருவரும் தனக்காக வரவில்லை. எங்கள் சபையில் ஜெப விண்ணப்பம் எப்போதும் 'எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்காக'த்தான். அந்தத் தெரிந்த ஆளைப்போலப் பாவப்பட்டவர் லண்டனில் வேறு இல்லை. அவருக்கு நித்திரை வராது. பட்டாசு வெடித்தால் மேசைக்குக் கீழே போவார். மனைவியோடு கதைக்கமாட்டார். அடுத்த வாரம் அவரே பெண்ணாக மாறி, சமைக்கப் பிடிக்காமல் அடுப்படியில் நின்று அழுவார்.

ரோஸ் அன்ரி வந்து, தனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறது, வீட்டைவிட்டு வெளிக்கிடவே பயமாம் என்றார். நான் படித்ததையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, முதலில் அவரை டொக்டரிடம் போகச் சொல்லுங்கோ என்றேன். அன்ரிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது: "போகாமலோ? அவ போனவ பிள்ளை, என்ர கையிலைதானே பிரஷர் பாத்தவங்கள்!"

எந்தத் தலைப்பின் கீழ்?

சபைதான் இப்படியென்றால் படித்தவர்கள் வேறு மாதிரி என்று நினைக்காதீர்கள். துக்கத்தைத் தாங்க மனிதர்களுக்கு எவை உதவுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஜெபத்துக்குத் தனிப்பகுதி கொடுத்திருந்தேன். விரிவுரையாளர் மிகவும் மரியாதையான ஆங்கிலேயர். ஜெபத்தை 'சமூக ஆதரவு' என்பதற்குள் சேர்த்துவிடு என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கதவைச் சாத்திவிட்டுத் தனியே முழங்காலில் நிற்கிற மனிதருக்கு அங்கே எது சமூகம் என்று கேட்டேன். அவர் நம்புகிறவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். அந்த மனிதர் எழும்பும்போது மூச்சு மாறியிருக்கிறதே, அதையாவது பாருங்கள் என்றேன். நீண்ட பிரசங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்படியானால் 'இதர' என்பதன் கீழ் வை."

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு

ஜெயந்தி அக்கா எங்கள் பாடல் குழுவை நடத்துகிறவர். வார நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய அம்மா ஊரில் இறந்தபோது போக முடியாமல், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக்கூட எழும்பாமல் மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவர். டொக்டர் மனச்சோர்வுக்குக் குளிசை கொடுத்து, மெல்ல மெல்ல எழும்பி வந்தார். சபையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரி மாதம் முழுவதும் எங்களுக்கு உபவாசம். பகலில் சாப்பாடு இல்லை; பின்னேர ஜெபம் முடிந்து மண்டபத்தில் கஞ்சி. அந்த வருடம் உபவாசம் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஜெயந்தி அக்கா பாடும்போது அழத் தொடங்கினார். முதலில் கண்ணீர், பிறகு விம்மல், ஒரு நாள் பாட்டையே நிறுத்திவிட்டு நின்றார். சபை உருகிப்போனது. ஆவியானவர் இறங்கிவிட்டார், என்ன அபிஷேகம், என்ன அபிஷேகம் என்றார்கள். எனக்கு அவருடைய கை நடுங்குவதுதான் தெரிந்தது. கஞ்சிக் கோப்பை கழுவும் இடத்தில் பிடித்துக் கேட்டேன். தலை சுற்றுகிறது, தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். குளிசை எடுக்கிறீங்களோ என்று கேட்டேன்.

"அதிலை காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்டெல்லோ போட்டிருக்கு. இப்ப காலமைச் சாப்பாடே இல்லையே."

பின்னேரம் கஞ்சியோடு எடுத்திருக்கலாமே, டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். நான் பயந்தது ஒன்றுக்குத்தான்: மறுபடியும் அந்தக் கட்டில். அக்கா கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு மாசம் ஆண்டவரிலை மட்டும் தங்கியிருக்கோணும் எண்டு பாஸ்டர் சொன்னவர். குளிசையிலை தங்கியிருந்தா அது கள்ள உபவாசமெல்லோ, தங்கச்சி?"

பாஸ்டர் வீட்டு அடுப்படி

பாஸ்டர் தன் வாயால் சரியென்று சொன்னால் டொக்டரிடம் போகிறேன், என் பெயரையும் அவரிடம் சொல் என்றார் அக்கா. அன்றிரவு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அடுத்த நாள் காலையிலேயே பாஸ்டர் வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டேன்.

"நான் குளிசையை நிப்பாட்டச் சொல்லேல்லையே, பிள்ளை."

"நிப்பாட்டாதேங்கோ எண்டும் சொல்லேல்லைத்தானே, பாஸ்டர். அவ நடுங்குறா. சனம் அதைப் பாத்து அல்லேலூயா சொல்லுது. உங்களுக்கு வருத்தம் எண்டா நீங்கள் மருந்தை விட்டிட்டு உபவாசம் இருப்பியளோ?"

கேட்டதும் அவருடைய கண் சாப்பாட்டு மேசைக்குப் போனது. அப்போதுதான் பார்த்தேன்: சாப்பாட்டு மேசையில் சொதி, பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் இடியப்பம். ஜனவரி மாதம். காலை. பாஸ்டருக்குச் சலரோகம் என்பது எனக்குத் தெரியாது. சபையில் ஒருவருக்கும் தெரியாது. "இன்சுலின் போட்டிட்டு ரெண்டு இடியப்பம் சாப்பிடுறனான்," என்றார் மிகவும் மெல்ல. டொக்டர் உபவாசமே கூடாது என்றாராம். சொன்னால் சனம் இடறிப்போகும், பாஸ்டரே சாப்பிடுகிறார் என்று மற்றவர்களும் விட்டுவிடுவார்கள் என்று பயமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்கக் கோபம் இறங்கிவிட்டது. அடுப்படியில் நின்ற பாஸ்டரம்மாவுக்கு ஏறிவிட்டது: "ஒவ்வொரு ஜனவரியும் யன்னலைச் சாத்திப்போட்டு இடியப்பம் அவிச்சு எனக்குக் களைச்சுப்போச்சு. அந்தப் பிள்ளை சொல்லுறதைச் செய்யுங்கோ."

டொக்டர்

பாஸ்டர் என் முன்னாலேயே ஜெயந்தி அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தார். நான்கு வசனம்தான் பேசினார். மூன்றில் மன்னிப்புக் கேட்டார். திங்கட்கிழமை அக்காவோடு நானும் போனேன். வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே கவலை: உபவாசம் என்று சொன்னால் டொக்டர் சிரிப்பாரே. நானும் ஆயத்தமாகத்தான் போனேன். சிரித்தால் என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே வசனம் கட்டி வைத்திருந்தேன்.

டொக்டர் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண். சிரிக்கவில்லை. எப்போது நிறுத்தினீர்கள், எப்படி இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், சாக வேண்டும் போல நினைப்பு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மறுபடி எப்படித் தொடங்குவது என்று எழுதித் தந்தார். பின்னேரம் கஞ்சியோடு எடுக்கலாம், ஆனால் கேட்காமல் இனி நிறுத்தவேண்டாம் என்றார். நான் கட்டி வைத்த வசனம் வீணாய்ப் போனது. வெளிக்கிடும்போது பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எனக்கு இந்தக் கதை வழக்கமாக நோன்பு மாதத்தில்தான் வரும், உங்கள் ஆட்கள் ஜனவரியிலேயே தொடங்கிவிட்டீர்கள்."

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தை இடையில் நிறுத்தினார். மருந்து எடுக்கிறவர்கள் ஒருவரும் உபவாசத்துக்காக அதை விடக்கூடாது, அது தன் வாயிலிருந்து முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்றார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு தன் சலரோகத்தையும் இன்சுலினையும் இடியப்பத்தையும் சொன்னார். ஜெயந்தி அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா பாடல் குழுவில் குனிந்தபடி இருந்தார்.

மண்டபத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். இனி இவரை யார் பாஸ்டர் என்று மதிப்பார்கள் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. நான் மூட்டிவிட்ட நெருப்பல்லவா? பின்வரிசையில் செக்ரட்டரி அங்கிள் எழும்பினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "பாஸ்டர், அப்ப பிரஷர் குளிசைக்கும் இடியப்பம் உண்டோ?"

கண்ணீர் இல்லாமல்

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஜெயந்தி அக்காவுக்குத் தலைச்சுற்று போனது, நடுக்கம் போனது, வேலைக்கும் ஒழுங்காகப் போனார். ஆனால் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அழும்போது ஆண்டவர் பக்கத்தில் இருந்தாரே, இப்போது கண்ணீர் வரவில்லையே, குளிசையோடு அவரையும் விழுங்கிவிட்டேனோ என்று ஜெப அறையில் வந்து கேட்டார். தெரிந்த ஒரு ஆளுக்காக அல்ல, தனக்காகவே கேட்டார். கண்ணீரை வைத்துக் கடவுளின் தூரத்தை அளக்கக்கூடாது என்று எனக்கு நீளமாக வாதாட வரும். அன்று அது வேண்டாம் என்று பட்டது. எனக்குத் தெரியாது அக்கா, பாடிப் பாருங்கோ என்றேன்.

பாடினார். வாரம் வாரம், காய்ந்த கண்ணோடு, சொற்களை விழுங்காமல். உயிர்த்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீரோடு நிற்கும்போது ரோஸ் அன்ரி நேரே அக்காவிடம் வந்தார். "என்ன ஜெயந்தி, ஜனவரியிலை மாதிரி இப்ப அழுகை இல்லை? ஆவி குறைஞ்சுபோச்சோ?" நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாரானேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிஸ்கட்டைக் கடித்தபடி ஆறுதலாகச் சொன்னார்: "அழேக்கை எனக்கு என்ர அழுகைதான் கேட்டது அன்ரி, இப்பத்தான் பாட்டுக் கேக்குது."

அதன்பிறகு, மனசுக்கு ஜெபமா குளிசையா என்று யார் என்னோடு வாதாட வந்தாலும் நான் தயார்தான், ஆனால் காலமை சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.