கலப்படத்துக்கு ஒதுக்கிய குதிரைகள்

எங்கள் தெருவில் சனிக்கிழமை காலை ஆனால் எல்லோரும் பிக்கப் டிரக் கழுவுவார்கள். பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டியையும் விடுவதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுப்பார்கள். நான் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அந்தத் தொட்டிகளில் ஒரு மூட்டை சிமென்ட் ஏறியதில்லை. யானையையே இழுக்கக்கூடிய வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கேலன் பால் வாங்கிவருவார்கள். அதற்கும் குதிரைசக்தி போதவில்லையென்று எஞ்சின் மேல் சூப்பர்சார்ஜர் வைப்பார்கள். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று பற்றாதென்று, பெல்ட்டில் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிற கருவி அது. ஊரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான், பிறகு நானே சூப்பர்சார்ஜர் வைத்த டிரக் ஒன்று வாங்கினேன்.

இப்போது அதை விற்றாக வேண்டும். எனக்கு வேலை போய்விட்டது. வீடியோ காலில் முன்பின் பார்த்திராத ஒரு பெண் வந்து, என் பெயரைத் தப்பாக உச்சரித்து, கம்பெனி என்னை எவ்வளவு மதிக்கிறது என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட்டாள். எங்களைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால், இந்த நாட்டில் இருக்கிற உரிமையும் கூடவே போகும். கொஞ்சநாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் இன்னொரு கம்பெனி நம் விசாவை ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்டர்வியூ எல்லாம் நன்றாகத்தான் போகும். கடைசியில் "ஸ்பான்சர்ஷிப் வேண்டுமா?" என்பார்கள். வேண்டும் என்பேன். அத்தோடு சரி. கிரீன் கார்டுக்கு அப்ரூவல் வந்து எத்தனையோ வருஷமாகிறது, ஆனால் கார்டு கைக்கு வர, வருஷத்துக்கு ஒரு நாட்டுக்கு இத்தனைதான் என்று கணக்கு; இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நகர்ந்தால்தானே? என் மகள் யாழினி மட்டும் ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றே சிட்டிசன். அவளை யாரும் போகச் சொல்ல முடியாது. பத்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டா நானும் என் மனைவி சுகந்தியும் போகமுடியும்? ஆகவே மூன்று பேருக்கும் சென்னைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

வண்டியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னவன் பக்கத்து வீட்டு டிராவிஸ். ரிஃபைனரியில் வேலை. நல்ல மனுஷன், அதைச் சொல்லிவிட வேண்டும். புயல் வந்து கரண்ட் போன சமயம் அவன் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து எங்கள் ஃப்ரிட்ஜை ஓட்டினான். ஆனால் நான் நாட்டை விட்டுப் போகிறேன் என்றபோது அவனுக்குப் புரியவே இல்லை.

"நீ சட்டப்படிதானே வந்தே?"

"ஆமா."

"டாக்ஸ் கட்டறே?"

"உன்னை மாதிரியே கட்டறேன்."

"அப்புறம் என்ன? டவுன்டவுன்ல ஆபீஸ் இருக்கும். போய் சிட்டிசன்ஷிப் வாங்கிட்டு வந்துடு. உன்னை மாதிரி ஆளுக்குத் தரமாட்டாங்களா?"

வரிசையைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியெல்லாம் இருக்காது, உன் வக்கீல் சரியில்லை" என்றான். அவன் நாட்டுச் சட்டம் என் தலையெழுத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அவனுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. வயிறெரியாமல் என்ன செய்யும்?

இங்கே நான் பைப்லைன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதினாலும், கற்ற தொழில் வேறு. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் கேலிப்ரேஷன் எஞ்சினியராக இருந்தேன். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும், தீப்பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்று எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு எண்களாக எழுதிக்கொடுக்கிற வேலை. தீப்பொறி முந்தினால் சக்தி கூடும். பெட்ரோல் மட்டமாக இருந்துவிட்டால் அதே முந்தல் எஞ்சினை அடித்துநொறுக்கும். மே மாத வெயிலில், பெயர் தெரியாத பங்க்குகளில் பெட்ரோல் போட்டு, உளுந்தூர்ப்பேட்டை வரை டெஸ்ட் கார் ஓட்டுவோம். சில இடத்தில் மண்ணெண்ணெய் வாடையே வரும். எங்கள் மேனேஜர் முருகேசன் சார் திரும்பத் திரும்பச் சொல்வார்: "எவன் எந்த பங்க்ல என்னத்த ஊத்துவான்னு நமக்குத் தெரியாதுப்பா. கொஞ்சம் விட்டுப் புடி." அதனால் ஒவ்வொரு எண்ணிலும் கலப்படத்துக்கென்று கொஞ்சம் சக்தியைக் குறைத்தே எழுதுவோம். அங்கே அதுதான் சரி.

டெக்சஸில் என் டிரக்குக்கு லேப்டாப்பைச் செருகி டியூன் செய்தபோதும் கை தானாக அதையே செய்தது. இங்கே பெட்ரோலில் எவனும் மண்ணெண்ணெய் ஊற்றுவதில்லை. தெரிந்தேதான் குறைத்து எழுதினேன். டைனோ என்று ஒரு கொட்டகை உண்டு. பின்சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு சக்தியை அளப்பார்கள். வரைபடத்தைப் பார்த்த டிராவிஸ், "பாதிக் குதிரைகளைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கே, யாருக்காக?" என்று கேட்டான். சேஃப்டி என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

வேலை போன பிறகு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வண்டியை மட்டுமா அப்படி ஓட்டினேன்? ஊருக்குப் போய், பாஸ்போர்ட்டில் புது விசா குத்துகிற ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டால் திரும்ப விடமாட்டார்களோ என்று பயந்து, சொந்தத் தங்கையின் கல்யாணத்தை வீடியோவில் பார்த்தேன். ப்ரோமோஷன் தருகிறோம் என்றார்கள். பதவி மாறினால் கிரீன் கார்டு வேலையை முதலிலிருந்து தொடங்க நேரலாம் என்று வக்கீல் சொன்னதால், வேண்டாம் என்று கும்பிடு போட்டேன். மீட்டிங்கில் என் யோசனையை இன்னொருவன் தன்னுடையது என்று சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் விட்டுப் பிடித்தேன். என்ன கிடைத்தது? வாயைத் திறந்தவனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், மூடிக்கொண்டிருந்த என்னையும் அனுப்பினார்கள்.

போன வாரம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஏங்க, பெட்டி ஒண்ணுகூட கட்டல. விக்கப்போற வண்டிக்கு இப்ப இது தேவையா?" என்றாள் சுகந்தி.

"தேவைதான்" என்றேன். காரணம் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

டைனோவில் ஏற்றி, தீப்பொறியைச் சிறிது சிறிதாக முன்னால் தள்ளினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினுக்குள் அடி விழுகிறதா என்று பார்த்தேன். விழவில்லை. இன்னும் தள்ளினேன். கலப்படத்துக்கு என்று ஒதுக்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். கடைசி ஓட்டத்தில் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. கூட வந்திருந்த டிராவிஸ் வரைபடத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். "இத்தனை நாளா இது உள்ளேதான் இருந்துச்சா?" என்றான். இருந்தது, நான்தான் விடவில்லை என்றேன். அவன் என் முதுகில் தட்டினான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்கு வந்தது ஆத்திரம்தான்.

நேற்று சாவியைக் கொடுத்தேன். டிராவிஸ் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தான். சூப்பர்சார்ஜர் கூவியது. எதிர்வீட்டில் டிரக் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். டிராவிஸ் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கத்தினான்: "கேட்டியா? இதுதாண்டா அசல் டெக்சஸ் சத்தம்!"

அந்தச் சத்தத்தின் ஒவ்வொரு எண்ணையும் எழுதியவன் நான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

யாழினி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். "அப்பா, கேன் ஐ கோ? ஜஸ்ட் ஒன் ரவுண்ட், ப்ளீஸ்!"

"போயிட்டு வாடா கண்ணு" என்றேன்.

"சீட் பெல்ட் போடு!" என்று சுகந்தி பின்னாலேயே கத்தினாள். "ஐ நோ, அம்மா!" என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. இந்த ஊரிலேயே இருந்துகொள்ள உரிமை உள்ளவர்கள் எல்லோரும் அதில் போய்விட்டார்கள்: டிராவிஸும், என் மகளும், நான் எழுதிய எண்களும். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரட்டும், கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று நானும் சுகந்தியும் டிரைவ்வேயில் காத்துக்கொண்டு நின்றோம்.