அம்மா தேடிய சிநேகிதி

"ஊர்ல உள்ளவங்க கேக்குற குப்பையெல்லாம் தேடிக் குடுக்குறீங்க. என் சிநேகிதிய மட்டும் உங்க கம்பெனிக்குத் தேடத் தெரியாதா?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க பேரு லட்சம் பேருக்கு இருக்கும்மா. வேற அடையாளம் சொல்லு" என்றாள் மகள்.

"நல்லா சிரிப்பா. தங்கமான மனசு."

"இதைப் போட்டா பாதி உலகம் வந்து நிக்கும்."

"அவ சிரிச்சு நீ பாத்ததில்லடி" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இணையத்தில் தேடுகிறவருக்கு எந்த வலைப்பக்கம் பயன்பட வாய்ப்பு அதிகம் என்று கணித்து, அதை முதலில் நிறுத்துவதுதான் மகளின் வேலை. எங்கும் கிடைக்கும் சொல்லுக்கு அந்தக் கணிப்பில் மதிப்பில்லை. அபூர்வமான சொல் ஒன்று போதும். அதை அவள் அம்மாவுக்கு விளக்கினாள்.

நூற்பாலையில் அம்மாவும் அந்தச் சிநேகிதியும் பதினான்கு வருடம் அடுத்தடுத்த இயந்திரங்களில் நின்றவர்கள். இரைச்சலில் குரல் எடுபடாது. உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். ஆலை மூடிய வாரம் சிநேகிதி கணவரோடு பஸ் ஏறினாள். அதன்பின் ஒரு கடிதம்கூட இல்லை. இருபது வருடமாகியும், தூரத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அம்மா நின்று அவர்கள் வாயையே பார்ப்பாள்.

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பிய மகளை அம்மா வாசலில் நிறுத்தினாள்.

"மூக்குல எப்பவும் பஞ்சு ஒட்டியிருக்கும்னு அவ என்னை 'பஞ்சுமூக்கி'ன்னுதான் கூப்பிடுவா. வேற யாருக்கும் அந்தப் பேரு தெரியாது. அதைப் போட்டு, நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு பக்கம் எழுதி வைடி. என்னைக்காவது அவ என்னைத் தேடினா, நான் முதல்ல வரணும்."