குழாய்க்குக் கட்டிய வேட்டித்துணி

எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். துபாயிலிருந்து மகன் எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்குக் கார்கோ மூலம் அனுப்பிய துணி காயவைக்கும் மெஷினில், நான் அழுத்த வேண்டிய பொத்தானுக்குச் சிவப்பு நகப்பாலிஷ் வைத்தவளும் அவள்தான். அப்படியே என் சுண்டுவிரலுக்கும் வைத்துவிட்டாள். தொழுகைக்கு முன்னால் கை கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டுமே என்று அதைச் சுரண்டி எடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

ஐப்பசி மழையில் மெஷின் மக்கர் செய்தது. எவ்வளவு நேரம் ஓடினாலும் பேரனின் துணி ஈரமாகவே வந்தது. கூடவே தீய்ந்த வாடை.

"பயமா இருக்கு மாமி. பிள்ளைக்கு மாத்தவும் துணியில்ல. மழை விடுற வரைக்கும் அரியலூர்ல அம்மா வூட்டுல இருந்துட்டு வரேன்."

மருமகள் பையும் கட்டிவிட்டாள். பிள்ளை அப்போதுதான் என் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தான். மழைக்காலம் முடிந்து வரும்போது என்னை யாரோ என்று நினைத்து அழுதால்?

"ஆள் வந்து மெஷினப் பாக்கட்டும். அப்புறம் போம்மா," என்றேன்.

பெரம்பலூரிலிருந்து சோதிக்க வந்த மெக்கானிக் தம்பி, டீயைக்கூடத் தொடாமல் மெஷினின் முதுகைத் தடவினார்.

"சூடு வருதும்மா. காத்துதான் வெளிய போவல. குழாயோட வாய் எங்க இருக்கு?"

கொல்லைச் சுவரில் காட்டினேன். தண்ணீர்க் குழாய்க்குக் கட்டுவது போல, அந்த வாயில் ஒரு வேட்டித்துணி கட்டியிருந்தது. உள்ளே துணிகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு சேர்ந்து தலையணையாக உப்பியிருந்தது. அவர் கையிலிருந்த சின்னக் காற்றாடிக் கருவியை அதன் முன் பிடித்தார். அசையவில்லை.

"யாரும்மா இத கட்டுனது?"

நான் மச்சி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "நாந்தான் தம்பி. இவுக வூட்டுப் பஞ்சு எங்க கறிச்சட்டியில விழுது. குழாய்னா துணி கட்ட வேணாமா?"

"அது தண்ணிக் குழாய்க்குல்ல மச்சி," என்றேன்.

"எனக்கு எல்லாக் குழாயும் ஒண்ணுதான்."

"சூட்டுல பஞ்சு பத்திக்கும்மா. இனிமே கட்டாதீங்க," என்றார் தம்பி.

துணியை அவிழ்த்து, நீளமான பிரஷை விட்டுப் பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சை இழுத்துப் போட்டார். மச்சியின் சட்டிக்கு எதிரே இருந்த வாயைத் தரைப்பக்கம் திருப்பினார். மெஷினுக்குள்ளே பஞ்சு பிடிக்கும் சல்லடையை ஒவ்வொரு தடவையும் வழித்துவிடச் சொன்னார். பிறகு நான் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். தம்பி குழாய் வாயில் மறுபடி பிடித்த காற்றாடி விர்ரென்று சுற்றியது. அதைப் பார்த்துப் பேரன் சிரித்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்த ஈரத்துணியெல்லாம் சுடச்சுடக் காய்ந்து வந்தது. மருமகள் அதைத் தன் முகத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு அரியலூருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நாங்க வரல. பிள்ளையப் பாக்கணும்னா நீங்க வாங்க."

ஆறிய டீயைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். மச்சிக்கும் ஒரு டம்ளரைச் சுவருக்கு மேலே நீட்டினேன். பஞ்சு மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.