கம்பம்மெட்டில் ராமுத்தாய் வைத்த குழம்பு

ராமுத்தாயைப் புருஷன் வீட்டிலிருந்து அத்துவிட்டதற்கு ஊரில் சொல்லப்பட்ட காரணம் அவள் தினமும் ஒரு குழம்பு வைத்தாள் என்பதுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். புருஷன் மொக்கையன் கழுதை மேல் பொதி ஏற்றி மலைக்கு ஓட்டுகிறவன். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கேப்பைக்களியும் கொள்ளுக் குழம்பும்தான் சாப்பாடு. வாக்கப்பட்டுப் போன ஒரு மாதத்திலேயே ராமுத்தாய்க்கு நாக்குச் செத்துப்போயிற்று. வேலியில் கிடந்த பிரண்டையையும் வரப்பில் முளைத்த கீரையையும் பறித்து வந்து அவளாக மாற்றி மாற்றிச் சமைத்தாள். மாமியார் பஞ்சாயத்தைக் கூட்டினாள்.

"பொண்ணு மேல என்ன குத்தம்?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர்.

"தெனம் ஒரு குழம்பு வைக்கிறா சாமி."

"வைக்கட்டுமே. அதுல என்ன?"

"என்ன சோறுன்னு தெரியாம ஒரு மனுசன் எப்படி வீட்டுக்கு வருவான்?"

கூட்டம் சிரித்தது. ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. "மச்சான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் இருந்துக்கிறேன்" என்றாள்.

மொக்கையன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் பெரியவர் துரும்பைக் கிள்ளிப் போட்டார். அதோடு உறவு முடிந்தது.

அவளுடைய சித்தப்பா சங்கையா கம்பம்மெட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் காவல். அவர் பின்னாலேயே ராமுத்தாய் மலையேறினாள். எல்லையில் சுங்கம் வாங்கும் சவுக்கைக்கு இந்தப் பக்கம், பாதை ஓரத்தில், நாலு மூங்கில் நட்டுப் புல்லு வேய்ந்து சோத்துக்கடை போட்டாள். பொதிக்காரர்கள், ஏலக்காட்டுக்கு ஆள் கூட்டி வரும் கங்காணிகள், சவுக்கைச் சேவகர்கள் எல்லோருக்கும் மத்தியானச் சோறு அங்கேதான்.

கீழேயிருந்து என்ன காய் ஏறி வருகிறதோ, அதைப் பார்த்த பிறகுதான் அன்றைய குழம்பை முடிவு செய்வாள். ஒருநாள் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. மறுநாள் மொச்சை. சேவகர் ஒருவர் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு அதையே புளி விட்டு வைத்தாள். ஏறி வருகிறவர்கள் கடைசி வளைவிலேயே நின்று மூக்கை உறிஞ்சிப் பந்தயம் கட்டுவார்கள்.

எல்லா நாளும் சரியாக அமைந்துவிடவில்லை. ஒரு தடவை கருவாட்டுக் குழம்பில் பச்சை ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிட்டாள். பந்தியில் ஒருவரும் மறுசோறு கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டே சங்கையா, "தாயி, பொழுதன்னைக்கும் அதத்தான மோந்துக்கிட்டுக் கெடக்கோம். சோத்துலயுமா?" என்றார். அவள் ஆளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பினாள்.

சில வருஷம் கழித்து, ஒரு மாசி மாதத்தில், பந்தியின் கடைசியில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். இலை போடக் குனிந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மொக்கையன். காதோரம் நரைத்திருந்தது. அன்று பலாக்கொட்டையும் மாங்காயும் போட்ட குழம்பு. அவன் மூன்று தரம் சோறு வாங்கினான்.

"அத்தை சொகமா?" என்றாள்.

"போயிருச்சு. போன மழைக்கு."

இலையில் மோரை ஊற்றிவிட்டு, "இன்னைக்கு என்ன குழம்புன்னு தெரிஞ்சா ஏறி வந்த?" என்று கேட்டாள்.

"தெரியாமத்தான் வந்தேன்."

அதன்பிறகு அவன் பொதி அடிக்கடி அந்த வழியாகவே வந்தது. பொதி இல்லாத நாளிலும் வந்தான். விறகு கொண்டுவந்து போட்டான், தண்ணீர் சுமந்தான். ஒருநாள் கடை ஒழிந்த வேளையில் அடுப்புக்கு எதிரே குத்தவைத்துக்கொண்டு சொன்னான்: "அன்னைக்கு நான் பேசியிருக்கணும்."

"பேசியிருக்கணும்."

"ஒன் குழம்பு எனக்கு அப்பவே பிடிக்கும் புள்ள. அதச் சொல்ல அன்னைக்கு நாக்கு எழும்பல."

ராமுத்தாய் ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"ஊருக்கு வந்துரு. வீடு சும்மாதான் கெடக்கு" என்றான்.

"நான் எதுக்கு வரணும்? இங்க வாரவுகளுக்கு யாரு சோறு போடுறது? நீ இருக்குறதா இருந்தா இங்க இரு."

அவன் இருந்துவிட்டான். சங்கையா முன்னால் நிற்க மறுபடி தாலி கட்டினான். அறுத்துக் கட்டுகிற வழக்கம் உள்ள ஜனம்தான். ஆனால் அறுத்தவனே வந்து கட்டியதை மலை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பொதிக்காரர்கள் மொக்கையனை 'புது மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார்கள். அவனும் அந்தப் பேருக்கே 'என்ன' என்று குரல் கொடுத்தான். அம்மிக்கு அவன்தான் பொறுப்பு. மசாலா அரைத்து அரைத்து அவன் கை எந்நேரமும் மஞ்சளாக இருக்கும்.

அடுத்த ஆடியில் மண் சரிந்து மலைப்பாதை அடைந்துபோயிற்று. கூலிக்கு வந்த ஒரு பெண்கள் கூட்டம் மெட்டில் மாட்டிக்கொண்டது. கடையில் அரிசி தீர்ந்தது. மொக்கையன் நனைந்துகொண்டே காட்டுக்குள் போய் சேம்பந்தண்டும் மூங்கில் குருத்தும் கொண்டுவந்தான். சேவகர்கள் தங்கள் கிழங்கை அவித்துத் தந்தார்கள். இருந்ததை வைத்து ராமுத்தாய் அன்றைக்கும் வேறு, மறுநாளைக்கும் வேறு என்று வைத்துக்கொண்டே இருந்தாள். பசியோடு இருந்தாலும் அந்தப் பெண்கள் இன்றைக்கு என்ன குழம்பு என்று காலையிலேயே அடுப்படியில் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

மழை விட்டு, மண்ணை வெட்டி வழி எடுத்த அன்றைக்கே முதலாவது கழுதை அரிசி மூட்டையோடும் ஒரு காய்ச் சாக்கோடும் ஏறி வந்தது. "வழி தொறந்துருச்சு, கெளம்புங்க" என்றான் அவர்களைக் கூட்டி வந்த கங்காணி.

கூட்டத்தில் மூத்தவளான சின்னத்தாய் அசையவில்லை. "பொதியில என்னமோ காய் வந்துருக்கு. மத்தியானம் தின்னுட்டு எறங்குறோம்" என்றாள்.

கங்காணி ராமுத்தாயைப் பார்த்தான். அவள் மூட்டையைப் பிரித்து, முறத்தில் அரிசியை அள்ளிக்கொண்டு களையப் போனாள். அவனும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.