நின்றுகொண்டு பார்த்த கல்யாணம்

1981-இல், வடக்கே ராணுவத் தொழிற்சாலைகளை ஒட்டிய போபோடியில், எங்கள் சந்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. லண்டனில் இளவரசருக்குக் கல்யாணம், நேரடியாகக் காட்டுகிறார்கள் என்றதும் அப்பா அரைநாள் லீவு போட்டார். வெள்ளைக்காரர் காலத்து ராணுவக் கன்டோன்மென்ட் ஆபீஸில் வேலை பார்த்த அவருக்கு அந்த ராஜ குடும்பம் என்றால் உயிர். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைக் குடும்பங்கள் வந்து தரையில் நெருக்கி உட்கார்ந்தன. வீட்டுப் பெண் என்பதால் எனக்குக் கடைசி வரிசை.

மணமகள் தேவாலயத்துக்குள் கால் வைத்ததும் முன்வரிசையில் அப்பா எழுந்து நின்றார். எங்கள் சர்ச்சில் மணப்பெண் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம்.

"கோயிலுக்குள்ள பொண்ணு வாறா, உக்காந்திருக்கிய" என்றார்.

அம்மா எழுந்தாள். சர்ச் பக்கமே போகாத பக்கத்து வீட்டுக்காரர்களும், இதுதான் மரியாதை போலும் என்று மொத்தமாக எழுந்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். எம்பிப் பார்த்தேன், பயனில்லை. அப்பாவை உட்காரச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. முன்னால் ஒரு அக்கா, மணமகளுக்குப் பின்னால் தரையில் நீண்டுகொண்டே வந்த கவுனைப் பார்த்து, "துணி முடியவே மாட்டேங்குதே" என்று வியந்துகொண்டிருந்தார். மணமகளோ நடந்துகொண்டே இருந்தாள் போலிருக்கிறது.

ஒருவழியாக அவள் பீடத்தை அடைந்தாள். அப்பா உட்கார்ந்தார். தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, சும்மாதான நிக்க, எல்லாருக்கும் டீ போடு."