மணிக்கோபுரத்துப் பித்தளை

என் கணவர் இக்னேசியஸுக்கு றேடியோ திருத்துவதுதான் தொழில். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை. எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றாது. ஊரார் வயர்லெஸ் மட்டும் இவருக்கு வாய் ஓயாமல் பேசவேண்டும்.

எங்கள் வேதக்கோயில் மணிக்கோபுரத்தில் மீனவர் சங்கத்தின் றிப்பீற்றர் இருக்கிறது. ஒரு படகு கூப்பிட்டால் அந்தக் குரலை வாங்கி, பலமாக்கி, தூரத்துப் படகுகளுக்கும் கரைக்கும் அனுப்புவது அதுதான். அதைக் கவனிப்பது இவர் பொறுப்பு.

கோயில் திருநாளன்று றொமேஷின் படகு கடலில் கவிழ்ந்தது. அதே படகில் போய், தண்ணீர்க் கலனைப் பிடித்துக்கொண்டு தப்பி வந்த துவாரகன் சொன்னான்: "றொமேஷ் அண்ணன் வயர்லெஸ்ஸிலை தொண்டை கிழியக் கூப்பிட்டவர். ஒருத்தரும் மறுமொழி தரேல்லை." பக்கத்துப் படகுகளுக்கு இரைச்சல்தான் கேட்டதாம். சங்கத்து வயர்லெஸ்ஸுக்கு முன்னால் கதிரையில் இருந்து கேட்கவேண்டியவர் புனிதரின் சுருவப் பவனியில் நின்றார். அதை யாரும் பேசவில்லை. இக்னேசியஸ் மெசினைக் கவனிக்கவில்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

றொமேஷின் அடக்கம் முடிந்ததும் இவர் கோபுரத்தில் ஏறினார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். மீற்றரை வைத்துப் பார்த்தார். அனுப்பும் மெசினில் பலம் முழுதாக இருந்தது. அன்டெனாவுக்குப் போகும் வயரில் சொட்டுத்தான். வயரை மாற்றினார், அதே கதை. மிச்சமிருந்தது நடுவிலுள்ள டியூப்ளெக்சர். ஒரே அன்டெனாவில் போகிற குரலையும் வருகிற குரலையும் பிரித்துவிடும் உயரமான டின்கள் அவை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளைக் கம்பி. கம்பி இம்மி அசைந்தாலும் பலமெல்லாம் டின்னுக்குள்ளேயே செத்துப்போகும் என்று இவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கம்பிகள் பளபளத்தன. மரையிடுக்கில், பித்தளை மினுக்கும் பிறாசோவின் வெள்ளைத் தூள்.

திருநாளுக்கு முதல் மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குவது எல்சி அக்கா. கோயிலில் எங்கே பித்தளை கறுத்திருந்தாலும் அக்காவுக்குப் பொறுக்காது. கோபுரத்துப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான். றொமேஷ் அவருடைய ஒரே மகன்.

"இப்பவே சங்கத்திலை போய்ச் சொல்லுங்கோ," என்றேன்.

"சொன்னால் அந்த மனுசி உயிரோடை இருக்குமே?"

மீற்றரைப் பார்த்துப் பார்த்துக் கம்பிகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். தூளைத் துணியால் துடைத்தெடுத்தார்.

நினைவுப் பூசை முடிந்து வெளியே வரும்போது எல்சி அக்கா எல்லோருக்கும் முன்னால் இவருடைய சட்டையைப் பிடித்தார். "என்ர பிள்ளையைக் கொண்டது நீதானடா!"

இவர் தலை குனிந்தார். "ஓம் அக்கா. நான்தான் கவனிக்காமல் விட்டனான்."

பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு வயிறு எரிகிறது. கடைக்கு ஈ காக்கை வருவதில்லை. சங்கத்தார் மெசினை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் பக்கத்து வாங்கிலுள்ளவர்கள் இவருக்கு முதுகைக் காட்டுகிறார்கள்.

போன ஞாயிறு எல்சி அக்கா என்னிடம் வந்து என் கையைப் பிடித்தார். "உன்னிலை எனக்குக் கோவமில்லை, ஜெனிதா. இப்பிடியொருத்தனோடை நீ என்னெண்டுதான் காலம் தள்ளுறியோ?" என்று கண் கலங்கினார்.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "என்ன செய்யிறது அக்கா," என்றேன்.